யாருக்கான அறிவிப்பு? கைத்துப்பாக்கியின் தோட்டா காட்டி குறித்து

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான பொதுக் கணக்கு அலுவலகம், தற்செயல் துப்பாக்கிச் சாவுகளைப் பற்றி 1991 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அத்தகைய சாவுகளில் 31 விழுக்காட்டை இரண்டே கருவிகளால் தடுத்திருக்கலாம் என்று அது கணித்தது. சிறு குழந்தைகளால் சுட முடியாதபடி செய்யும் பூட்டின் பங்கு 8 விழுக்காடு. உள்ளே தோட்டா இருப்பதை வெளியே காட்டும் அமைப்பின் பங்கு 23 விழுக்காடு. தோட்டா காட்டியைக் கட்டாயமாக்க வேண்டும் என்போருக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 23 விழுக்காடு கருவியின் திறனை அளந்து பெற்ற எண் அன்று. துப்பாக்கி காலி என்று நம்பிச் சுட்டவர்கள் எத்தனை பேர் என்பதையே அது அளக்கிறது. காட்டி இருந்திருந்தால் அவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள், பொருள் விளங்கிக்கொண்டிருப்பார்கள், விரலை விலக்கியிருப்பார்கள் என்ற மூன்று அனுமானங்கள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

முதலில், துப்பாக்கி காலி என்ற நம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ரிவால்வரில் உருளையின் பின்புறம் தோட்டாக்களின் விளிம்பு கண்ணில் படும். பிஸ்டலில் அந்த வசதி இல்லை. கைப்பிடிக்குள் செருகிய மேகசினிலிருந்து தோட்டாக்கள் ஒவ்வொன்றாக மேலேறுகின்றன. ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டதும் மேலே இருக்கும் தோட்டா குழலின் அடியிலுள்ள சேம்பருக்குள் போய் உட்கார்ந்துவிடும். பிறகு மேகசினை உருவினாலும் அது அங்கேயேதான் இருக்கும். முறை தெரிந்தவர் மேகசினை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு ஸ்லைடை இழுப்பார். வரிசை மாறினால் ஒரு தோட்டா வெளியே தெறித்து விழும், அந்தக் கணமே அடுத்தது சேம்பருக்குள் ஏறிக்கொள்ளும். தெறித்து விழுந்த தோட்டாவைக் கண்ணால் பார்த்தவருக்கு, துப்பாக்கி காலியாகிவிட்டது என்ற உறுதி இன்னும் கூடும். (வசனத்துக்கு நடுவே மிரட்டலுக்காக ஸ்லைடை இழுக்கும் திரைப்பட நாயகர்கள் இந்த அறிவை வளர்க்கவில்லை. சேம்பரில் ஏற்கெனவே தோட்டா இருந்தால் அந்த இழுப்பு அதை வீணாகத் தரையில் தள்ளியிருக்கும்.) ஜான் வெர்னிக்கும் சக ஆய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துக் கணிப்பில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் மேகசினை எடுத்துவிட்ட பிஸ்டல் சுடாது என்று நம்பினார்கள், அல்லது தெரியாது என்றார்கள்.

இந்த நம்பிக்கை ஓர் உயிரைக் குடித்த வழக்கு 1994-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நடந்தது. தந்தையின் பெரெட்டா பிஸ்டலை நண்பனுக்குக் காட்ட எடுத்த சிறுவன், தோட்டா நிறைந்த மேகசினை உருவிவிட்டுக் காலி மேகசினைச் செருகினான். அசட்டையாக நடந்துகொண்டான் என்று அவனைச் சொல்ல முடியாது. அவனறிந்த வரையில் பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்துவிட்டே டிரிக்கரை அழுத்தினான். சேம்பரில் மிஞ்சியிருந்த தோட்டா பதினைந்து வயது நண்பனைக் கொன்றது. இறந்தவனின் பெற்றோர் தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்த பிஸ்டலில் தோட்டா காட்டி இல்லாமல் இல்லை என்பதுதான் இந்த வழக்கின் முடிச்சு. சேம்பரில் தோட்டா இருக்கும்போது, அதைப் பற்றியிழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் ஸ்லைடின் வலப்பக்கத்தில் நகத்தின் தடிமன் அளவுக்குப் புடைத்துக்கொள்ளும். அதன் மேல் சிவப்புச் சாயம் தெரியும். சிறுவன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அந்தச் சிவப்புக்கு என்ன பொருள் என்று அவனுக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்? 1998-இல் ஜூரி தயாரிப்பாளர் பக்கம் நின்றது. மறுவிசாரணைகளுக்குப் பிறகும் வழக்கு அவருக்குச் சாதகமாகவே முடிந்தது.

காட்டி புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மன் படை 1908-இல் ஏற்ற லூகர் பிஸ்டலில் எக்ஸ்ட்ராக்டர் மேலெழும்பும்போது அதன் பக்கவாட்டில் ‘தோட்டா உள்ளது’ என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல் தெரியும். அமெரிக்காவுக்கும் போர்ச்சுகலுக்கும் பல்கேரியாவுக்கும் போன லூகர்களில் அந்தந்த நாட்டு மொழியிலேயே பொறித்து அனுப்பினார்கள். 1929-இல் வந்த வால்தர் பிபி வேறு வழியை எடுத்தது. ஸ்லைடின் பின்முனையில், சுத்தியலுக்கு மேலே, ஓர் ஊசிமுனை நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டில் கட்டைவிரலால் தடவியே அறியலாம். இரண்டும் அழகான வேலைப்பாடுகள். ஆனால் லூகரின் சொல்லைத் துப்பாக்கியை முதன்முதலாகத் தொடுபவரும் படிக்கலாம். வால்தரின் ஊசி, பயிற்சி பெற்ற விரலுக்கு மட்டுமே பேசும். பிற்காலத் தயாரிப்பாளர்களில் பலர் வால்தரின் பக்கமே சாய்ந்தார்கள். குளோக்கின் புடைத்த எக்ஸ்ட்ராக்டரும், சில மாதிரிகளில் சேம்பருக்குப் பின்னால் விடப்படும் பார்வைத் துளையும் உரிமையாளருக்கான வசதிகளே. அந்த உரிமையாளரோ ஸ்லைடை இழுத்துச் சேம்பரைக் கண்ணால் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர். தேவை மிகக் குறைவாக உள்ளவரிடம் கருவி பேசுகிறது.

சட்டம் இந்தப் பிரச்சினையைத் தொட்டது. மாசசூசெட்ஸ் விதிகள், சேம்பரில் தோட்டா இருப்பதைத் தெளிவாகக் காட்டும் அமைப்பையோ, மேகசின் இல்லாதபோது சுடவிடாத பூட்டையோ கேட்கின்றன. குளோக்கின் எக்ஸ்ட்ராக்டர் இதற்குப் போதாது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் நிலைப்பாடு எடுத்தபோது, விதியே தெளிவற்றது என்று வாதிட்டுச் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2016-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் சூட்டர் எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2007 முதல் அங்கே விற்பனைக்கு அனுமதித்த கைத்துப்பாக்கிகளின் பட்டியலில் புதிதாகச் சேரும் சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி மையத்தில் ஊசி அடித்துச் சுடும்) பிஸ்டல்களுக்குக் காட்டியும் மேகசின் பூட்டும் சேர்ந்தே வேண்டும். காட்டியோடு விளக்க எழுத்தோ படமோ இருக்க வேண்டும். கையேட்டைப் புரட்டாமல், துப்பாக்கியைப் பார்த்த மாத்திரத்தில் புரிய வேண்டும். ரூகர் எஸ்ஆர்9-இன் முதுகில் நிமிரும் சிறு தகடும், ‘நிமிர்ந்திருந்தால் தோட்டா உள்ளது’ என்று பொருள்படும் எழுத்தும் இந்தச் சிந்தனையின் வார்ப்பு. லூகரின் பழைய நேர்மை நூறாண்டு கழித்துத் திரும்பியது எனலாம்.

என் பார்வையில் கலிஃபோர்னியாவின் வரையறை சரியான திசையில்தான் செல்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் இடறுகிறது. ஒன்று, அது கற்பனை செய்யும் வாசகர் வயது வந்தவர் என்று சட்டமே சொல்கிறது. பெர்க்லியில் டிரிக்கரை அழுத்தியவன் வயது வந்தவன் அல்லன். இரண்டாவது இன்னும் ஆழமானது. நிமிர்ந்த தகடு ‘உண்டு’ என்கிறது. படுத்திருக்கும் தகடு என்ன சொல்கிறது? பார்ப்பவர் ‘இல்லை’ என்று படித்துக்கொள்கிறார். அழுக்கு அடைத்தாலும், வில் தளர்ந்தாலும், மேகசினில் மட்டும் தோட்டாக்கள் காத்திருந்தாலும் தகடு படுத்தே இருக்கும். எழுத்து தெளிவாக இருக்க இருக்க, அதன் மௌனத்தின்மேல் வைக்கும் நம்பிக்கையும் கூடிவிடுகிறது. காட்டியை நம்பாதே என்று தயாரிப்பாளரின் கையேடு எச்சரிக்கும். ஆனால் கையேட்டைப் படிக்காதவருக்காகத்தானே காட்டியையே வைத்தார்கள்?

எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கருது என்ற பழைய விதி போதும், காட்டி எதற்கு என்பது துப்பாக்கி ஆர்வலர்களின் மறுப்பு. பயிற்சி பெற்றவர்களைப் பொறுத்தவரை அந்த விதியை மறுக்க இடமில்லை. கணிப்பில் வெளிப்பட்ட அந்த மூன்றில் ஒரு பங்கினரை அது எட்டவில்லை என்பதே என் பதில். இருந்தாலும் ஆர்வலர்களின் வெறுப்பைத் துச்சமாகத் தள்ளிவிட முடியாது. ரூகர் மார்க் 3-இன் காட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை மூடும் தகடுகளைத் தனிக் கடைகள் விற்றன. 2016-இல் வந்த மார்க் 4-இல் நிறுவனமே காட்டியைக் கைவிட்டது. 2023 மார்ச்சில் நீதிபதி கார்மக் கார்னி கலிஃபோர்னியச் சட்டத்தின் இந்தக் கூறுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தபோது, பட்டியலிலிருந்த ஏறக்குறைய 800 பிஸ்டல்களில் இரண்டு அமைப்புகளும் கொண்டவை 32 மட்டுமே என்று சுட்டினார். அவர் தடையின் காட்டி, பூட்டு பற்றிய பகுதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது என்பது வேறு கதை.

அப்படியானால் பேசும் கருவியை விட்டுவிட்டுத் தடுக்கும் கருவியை மட்டும் கேட்கலாமா? எண்கள் அதற்கு இடம் தரவில்லை. மேரிலாந்திலும் மில்வாக்கியிலும் நேர்ந்த 117 சாவுகளை வெர்னிக் குழு 2003-இல் ஆராய்ந்தது. காட்டியால் தடுக்கக்கூடியவை 20 விழுக்காடு, மேகசின் பூட்டால் 4 விழுக்காடு, உரியவர் கையில் மட்டும் சுடும் துப்பாக்கியால் 37 விழுக்காடு. ஆனால் பூட்டின் 4 விழுக்காடு இயந்திரம் தானே செய்து முடிக்கும் வேலை. காட்டியின் 20 விழுக்காடோ எதிரில் நிற்பவர் கவனிப்பதைப் பொறுத்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

அந்த 20-இல் எவ்வளவு தேறும் என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். கலிஃபோர்னியாவின் ஆய்வகங்கள் ஒவ்வொரு மாதிரியையும் 600 முறை சுட்டுப் பார்க்கின்றன, ஒரு மீட்டருக்குச் சற்றுமேல் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்க்கின்றன. இவை இயந்திரத்துக்கான சோதனைகள். துப்பாக்கிகளை நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டதால் மனிதருக்கான சோதனையைக் கேட்கக் கூட்டாட்சி அளவில் அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, மாநிலங்களுக்கு உண்டு. துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர்களை, பதின்ம வயதினரையும் சேர்த்து, அழைத்து, போலித் தோட்டா வைத்த பிஸ்டலைக் காட்டி இதில் தோட்டா இருக்கிறதா என்று கேட்கலாம். பிறகு காட்டி படுத்திருக்கும் இன்னொன்றைக் காட்டி, இதை ஒருவரை நோக்கி நீட்டலாமா என்று கேட்க வேண்டும். முதல் கேள்வியில் தேறி, இரண்டாவதற்கு ‘நீட்டலாம்’ என்ற பதிலைப் பரவலாக வரவழைக்கும் வடிவம் எதுவாயினும் அதைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.