கல்விசார் கட்டற்ற மென்பொருளில் மாணவர் திட்ட யோசனைகள்

மாணவர் திட்ட யோசனை என்பது ஒரு பணிக்குறிப்பு. கட்டற்ற மென்பொருள் ஒன்றின் பராமரிப்பாளர்கள், புதிதாக வரும் நிரலாளர் வழிகாட்டியின் துணையோடு குறித்த காலத்துக்குள் முடிக்கத் தக்க பணி எது என்று வரையறுத்து அதை முன்வைக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பத்திகளில் அடங்கிவிடும் இந்தக் குறிப்பை நம்பித்தான் விண்ணப்பங்கள் எழுதப்படுகின்றன, உதவித்தொகை ஒதுக்கப்படுகிறது, வழிகாட்டிகளின் பல வார ஓய்வுநேரம் செலவாகிறது. கல்வி மென்பொருளில் இதன் பொறுப்பு இன்னும் கூடுகிறது. அங்கே கற்பவர்கள் இரு தரப்பினர்: நிரல் எழுதும் மாணவர் ஒருபுறம், அந்த நிரலின் முன் உட்காரும் குழந்தை மறுபுறம். கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் சேர்த்த வசதி பிழையின்றி இயங்கினால் வேலை முடிந்தது. பின்னங்களைக் கற்பிக்கும் விளையாட்டோ பிழையின்றி இயங்கிக்கொண்டே எதையும் கற்பிக்காமல் இருந்துவிடக்கூடும். ஆகவே கல்வி மென்பொருளுக்கான யோசனையை அதன் புதுமையை வைத்து மதிப்பிடுவது பிழை. எந்த வகுப்பறைத் தேவையிலிருந்து அது பிறந்தது, புதியவர் ஒருவரால் அதை முழுமையாக முடிக்க முடியுமா, அவர் போன பிறகு அதை யார் பேணுவார் என்ற கேள்விகளுக்கு அது சொல்லும் விடையில்தான் அதன் தரம் இருக்கிறது.

தோற்றமும் வடிவமும்

இந்த வடிவத்தைப் பரவலாக்கியது 2005இல் கூகுள் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டம். முதலாண்டில் 200 இடங்களுக்கு 8,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து குவிந்ததால் இடங்கள் 400க்கு மேல் உயர்த்தப்பட்டன. பங்கேற்க விரும்பும் மென்பொருள் அமைப்பு தன் யோசனைப் பட்டியலை விண்ணப்பத்தோடு காட்ட வேண்டும். தேர்வில் அந்தப் பட்டியலுக்குப் பெரும் எடை உண்டு. பணியின் விளக்கம், எதிர்பார்க்கும் விளைவு, தேவையான திறன்கள், வழிகாட்டக்கூடியவர்கள், ஆகும் நேரம், கடினத்தின் அளவு ஆகியவை ஒவ்வொரு யோசனையிலும் இருப்பது மரபு. இவற்றுள் நேரக் கணக்கு மாறிவந்த விதம் கவனிக்கத்தக்கது. 2020 வரை முழுநேரக் கோடைக்காலப் பணி மட்டுமே இருந்தது. 2021இல் அது 175 மணி நேரமாகக் குறைந்தது; 2022 முதல் 175, 350 என இரண்டு அளவுகள் வழக்கத்துக்கு வந்தன; 2024இல் 90 மணி நேரப் பணிகளும் சேர்ந்தன. பெருந்தொற்று இந்த மாற்றத்தைத் தூண்டியிருக்கலாம். ஆனால் தொற்று அடங்கிய பிறகும் சிறிய அளவுகள் பெருகினவே தவிர மறையவில்லை. 2022இல் கல்லூரி மாணவர் என்ற கட்டுப்பாடும் நீங்கி, 18 வயது நிரம்பிய, இத்துறைக்குப் புதியவரான எவரும் சேரலாம் என்றாயிற்று.

இதற்கு இணையாக வேறு வடிவங்களும் வளர்ந்தன. 13 முதல் 17 வயது வரையிலான பள்ளி மாணவர்களுக்காக 2010 முதல் 2019 வரை நடந்த ‘கூகுள் கோட்-இன்’ போட்டியில், மாதக்கணக்கில் நீளும் பணிக்குப் பதிலாகச் சில மணி நேரத்தில் முடியும் சிறு பணிகள் வழங்கப்பட்டன. நிரல் எழுதுதலோடு ஆவணமாக்கல், சோதித்தல், இடைமுக வடிவமைப்பு ஆகியவையும் அதில் தனி வகைகளாக மதிக்கப்பட்டன. இந்தியாவில் மும்பை ஐஐடியின் ‘ஃபாசி’ திட்டம் இன்னும் எளிய வழியொன்றைக் கண்டது. பாடநூல் துணை எனும் அதன் பணியில், கல்லூரி மாணவர் தமக்குப் பழக்கமான பொறியியல் பாடநூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் தீர்வுகளோடு உள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகளைச் சைலேப் மென்பொருளில் நிரல்களாக எழுதித் தருகிறார். சரிபார்த்த பின் அது எல்லோருக்கும் பொதுவில் கிடைக்கிறது. எல்லை தெளிவு, விடை சரியா என்று பார்க்க நூலே கையில் இருக்கிறது, பயன்படுத்தப்போகும் அடுத்த மாணவரும் யாரென்று தெரியும். புதுமை ஏதும் இல்லாத இந்த யோசனை மேற்கண்ட மூன்று கேள்விகளுக்கும் விடை வைத்திருக்கிறது.

வகுப்பறைத் தேவை

கல்வி மென்பொருள்களில் திட்ட யோசனைகளை நெடுங்காலமாக வெளியிட்டுவரும் அமைப்புகளுள் சுகர் லாப்ஸ் ஒன்று. நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005இல் அறிவித்த ‘ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி’ முயற்சிக்காக உருவான சுகர் இடைமுகத்தைத் தனியே வளர்க்க, வால்ட்டர் பெண்டர் உள்ளிட்டோர் 2008இல் அதைத் தொடங்கினர். செய்து பார்த்துக் கற்பது என்ற சீமோர் பாப்பெர்ட்டின் கருத்தும், 1967இல் பிறந்த லோகோ மொழியின் மரபும் இதற்கு அடித்தளம். கோப்புறைகளுக்குப் பதிலாகக் குழந்தை செய்தவற்றைக் காலவரிசையில் காட்டும் நாட்குறிப்பு, பயன்பாடுகளுக்குப் பதிலாகச் ‘செயல்பாடுகள்’, இயங்கும் செயல்பாட்டின் மூலநிரலைத் திறந்து காட்டுவதற்கென்றே மடிக்கணினியின் விசைப்பலகையில் ஒரு விசை என்று கற்பித்தல் கொள்கை வடிவமைப்பிலேயே பதிந்திருந்தது. இப்படிப்பட்ட மென்பொருளுக்கு யோசனை எழுதுபவர், சேர்க்கப்போகும் வசதி குழந்தையின் தேடலை வளர்க்குமா, மழுங்கடிக்குமா என்பதை முதல் வரியிலேயே சொல்லக் கடமைப்பட்டவர்.

இந்தக் கடமையை நடைமுறை விதியாக்கிக் காட்டியது ஜிகாம்ப்ரி. பிரான்சைச் சேர்ந்த புரூனோ குதோன் 2000இல் தொடங்கிய இம்மென்பொருள், 2 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகளைத் தருகிறது. 2014இல் கேடிஈ சமூகத்தின் குடையின்கீழ் க்யூடி தொழில்நுட்பத்தில் அது புதிதாக எழுதப்படலானது. பழைய செயல்பாடுகளை மாற்றி எழுதியதிலும் புதியவற்றைச் சேர்த்ததிலும் கோடைக்கால மாணவர்களின் பங்கு கணிசமானது. ஒவ்வொரு செயல்பாடும் தனிக் கோப்புறையில் நிற்பதால், புதியவர் ஒருவர் மற்றவற்றைக் குலைக்காமல் தன் பகுதியை முடிக்க முடிகிறது. அந்தக் கோப்புறையின் தகவல் கோப்பில் செயல்பாட்டின் நோக்கம், குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை, கடின அளவு ஆகியவற்றை எழுதுவதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிரலாளரை ஆசிரியராகச் சிந்திக்க வைக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. யோசனைப் பட்டியலிலேயே இந்த நோக்கமும் முன்னறிவும் எழுதப்பட்டிருந்தால், விண்ணப்பிக்கும்போதே மாணவர் சரியான கேள்வியோடு வருவார்.

தேவையிலிருந்து தொடங்கும் யோசனை எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விடுபட்ட எழுத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டும், எழுத்தெழுத்தாகச் சொல்லை ஊகிக்கும் விளையாட்டும் கல்வி மென்பொருள்களில் வழக்கமானவை. அவற்றை ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதினால், ஒரு குறியீடு ஓர் எழுத்து என்று நிரல் எடுத்துக்கொள்ளும். யூனிகோடில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு ஐந்து குறியீடுகள்; குழந்தைக்கோ அது மூன்று எழுத்து. நிரல் சொல்லைக் குறியீடுகளாக உடைத்தால், மெய்யிலிருந்து பிரிந்த புள்ளியும் துணைக்குறியும் திரையில் தனித்துத் தொங்கும். யூனிகோடின் பொதுவான எழுத்துத்தொகுதி விதியைப் பின்பற்றினால் பெரும்பகுதி சரியாகிவிடும். ஆனால் ‘க்ஷ’ அந்த விதிப்படி இரண்டாகவே பிரியும். அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பது நிரலாளர் தனியே முடிவெடுக்கும் விஷயமல்ல, தொடக்கப்பள்ளி ஆசிரியரைக் கேட்க வேண்டியது. இதை யோசனையாக எழுதினால் சில வாரங்களில் முடியும். சோதிப்பதற்குச் சொற்பட்டியல் ஒன்று போதும். எழுத்துகள் இப்படிச் சேர்ந்து அமையும் பிற மொழிகளுக்கும் அது உதவும். ‘இந்திய மொழி ஆதரவை மேம்படுத்துதல்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் அதே பணி யாராலும் முடிக்க முடியாததாகிவிடும்.

முடித்தலும் பேணுதலும்

கவர்ச்சியற்ற பணிகளே சில வேளைகளில் மென்பொருளைக் காப்பாற்றுகின்றன. சுகர் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அந்தக் கெடு நெருங்கிய ஆண்டுகளில் சுகரையும் அதன் செயல்பாடுகளையும் பைத்தான் 3க்கு மாற்றும் வேலை சுகர் லாப்ஸின் கோடைத் திட்டங்களில் இடம்பெற்றது. குழந்தையின் கண்ணுக்கு இதில் புதிதாக எதுவும் தெரியாது. ஆனால் அது நடக்காமல் போயிருந்தால் புதிய லினக்ஸ் வெளியீடுகளில் சுகர் இயங்கும் வாய்ப்பே குறைந்திருக்கும். கற்பவர் பக்கத்திலும் இதற்கு மதிப்பு உண்டு: பிறர் எழுதிய பழைய நிரலைப் படிப்பதும், ஒன்றை மாற்றும்போது வேறெது உடைகிறது என்று கவனிப்பதும் வேலையில் நாள்தோறும் தேவைப்படும் திறன்கள். செயல்பாடுகள் தனித்தனியாக இருப்பதால், மாணவர் பாதியில் நின்றாலும் அதுவரை மாற்றியவை பயன்பாட்டில் இருக்கும். பெரிய பணியை இப்படித் தனித்தனியே நிலைக்கும் கூறுகளாகப் பிரிப்பதுதான் யோசனை எழுதுபவரின் முதன்மைக் கைத்திறம்.

நிரல் உண்மையில் சேர்கிறதா, மாணவர்கள் நிலைக்கிறார்களா என்பதை ஆய்வாளர்களும் அளந்திருக்கிறார்கள். சம்மர் ஆஃப் கோட் பங்கேற்பாளர்களின் பங்களிப்பைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வொன்று, ஆராய்ந்த மென்பொருள் திட்டங்களுள் 82 விழுக்காட்டில் மாணவரின் நிரல் ஒருமுறையேனும் மூலக் களஞ்சியத்தில் சேர்ந்தது என்றும், முற்றிலும் புதியவர்களை மட்டும் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 54 விழுக்காடாக இறங்கியது என்றும் கண்டது. அந்த மென்பொருளோடு முன்பே பழகியவர்கள் கூடுதலாக எழுதினார்கள், கூடுதல் காலம் தங்கினார்கள் என்பதும் அதன் முடிவு. இதிலிருந்து யோசனை எழுதுபவர் எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு. விண்ணப்பத்துக்கு முன்பே செய்து பார்க்கத்தக்க இரண்டு மூன்று சிறு வழுக்களை ஒவ்வொரு யோசனையோடும் இணைத்துவிட வேண்டும். முன்னனுபவம் உடையவர் இயல்பாகவே ஆர்வம் மிக்கவராக இருக்கலாம் என்பதால், பழக்கம் மட்டுமே நிலைப்புக்குக் காரணம் என்று இந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஆனாலும் அந்தச் சிறு பணிகள் பழக்கத்தை உண்டாக்கும். அதோடு ஆர்வத்தையும் வெளிக்காட்டிவிடும்.

மறுப்புகளும் விடைகளும்

இந்த அளவுகோலுக்கு எதிராக எழும் முதல் வாதம், எல்லை குறுகிய யோசனைகள் திறமையானவர்களை விரட்டிவிடும் என்பது. பாப்பெர்ட்டின் மரபில் வந்த மென்பொருளே படைப்பூக்கத்துக்குத் தடை போடலாமா என்றும் கேட்கலாம். பட்டியலில் இல்லாததை மாணவரே முன்மொழியும் வழி சம்மர் ஆஃப் கோட்டில் எப்போதும் திறந்திருக்கிறது. பட்டியலின் வேலை உச்சவரம்பு விதிப்பதல்ல, உள்ளே வரும் படியைத் தாழ்வாக வைப்பது. முடிக்க வேண்டிய பகுதியும், நேரம் மிஞ்சினால் தொடரத்தக்க பகுதியும் யோசனையில் தனித்தனியே எழுதப்பட்டால் திறமையானவர் மேலே செல்லத் தடையில்லை.

இரண்டாவது வாதம் வலுவானது: கற்றல் பயனைப் பன்னிரண்டு வாரத்தில் அளக்க முடியாது, ஆகவே வகுப்பறைச் சான்றை மாணவரிடம் கேட்பது நியாயமல்ல. கற்றல் விளைவை அளப்பதற்கு அந்தக் காலம் போதாது என்பது உண்மைதான். குழந்தை பொத்தானைக் கண்டுபிடிக்கிறதா, தவறான விடைக்குப் பின் மறுபடி முயல்கிறதா, ஆசிரியர் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர முடிகிறதா என்பவற்றை ஒரு வகுப்பு வேளையிலேயே பார்த்துவிடலாம். நாட்காட்டியும் இதற்கு இடம் கொடுக்கிறது. நிரல் எழுதும் காலம் பெரும்பாலும் மே இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிகளுக்கு அது பெரும்பாலும் விடுமுறை. ஆனால் 2007 முதல் ‘பிளான் செய்பால்’ வழியே பள்ளிக் குழந்தைகளுக்கு மடிக்கணினி வழங்கிவரும் உருகுவேயில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. தமிழ்நாட்டில் பள்ளிகள் ஜூனில் திறந்துவிடுகின்றன. வழிகாட்டிகளுள் ஒருவர் இத்தகைய இடத்தில் பணியாற்றும் ஆசிரியராக இருந்தால், அந்த வாரங்களிலேயே மென்பொருள் குழந்தைகளின் கைக்குப் போகும்.

மூன்றாவது வாதம் வழிகாட்டிகள் தரப்பினது: புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் தாமே எழுதி முடித்துவிடலாமே என்பது. பெரும்பாலான சிறு பணிகளில் இது மெய். எனினும் தன்னார்வலர்கள் நடத்தும் மென்பொருளில் பராமரிப்பாளர்கள் வேலை மாறுவார்கள், களைத்துப்போவார்கள், விலகுவார்கள். அடுத்த பராமரிப்பாளர் இன்றைய புதியவர்களிடமிருந்துதான் வந்தாக வேண்டும். வழிகாட்டியின் நேரம் அரிதாக இருப்பதுதான் பட்டியலைச் சுருக்குவதற்குச் சரியான காரணம். இருவர் பொறுப்பேற்காத யோசனையைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது, இருபது யோசனைகளை அடுக்குவதைவிட நேர்மையானது.

அண்மைக்காலப் போக்கொன்று இந்த அளவுகோலைக் கடுமையாகச் சோதிக்கிறது. 2024 முதல் சுகர் லாப்ஸின் பட்டியல்களில், செயல்பாடுகளுக்குள் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்க்கும் யோசனைகள் இடம்பிடித்துள்ளன. விண்ணப்பதாரர்களை இவை ஈர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கேட்டவுடன் விடை தரும் உதவியாளர், செய்து கற்றல் என்ற கொள்கையை உள்ளிருந்தே குலைக்கக்கூடும். குழந்தை செய்ததைப் பற்றி அதனிடமே கேள்வி கேட்கும் உதவியாளர் அதை வலுப்படுத்தக்கூடும். பழைய கணினியும் நிலையற்ற இணையமும் உள்ள பள்ளியில் அது இயங்குமா, சேவையகச் செலவை யார் ஏற்பார் என்பவையும் யோசனையிலேயே எழுதப்பட வேண்டியவை. கோட்-இன் போட்டியைக் கூகுள் நிறுத்தியபோது பள்ளி மாணவர்களுக்கான ஒரு வாயில் மூடியது. வெளியார் ஒருவரின் பணத்தையோ சேவையையோ நம்பி நிற்கும் எதற்கும் அந்த ஆபத்து உண்டு. ஆகவே யோசனைப் பட்டியலில் இப்போதுள்ள பகுதிகளோடு மேலும் இரண்டைக் கட்டாயமாக்குவது பொருத்தம்: இது எந்த வயதுக் குழந்தை எதைக் கற்பதற்கு என்பது ஒன்று, உதவித்தொகைக் காலம் முடிந்த பின் இதன் வழுக்களைத் திருத்தப்போகிறவர் யார் என்பது மற்றொன்று. இவற்றை நிரப்ப முடியாத யோசனை நன்றாக இருக்கலாம். அது இன்னும் மாணவரிடம் தரத்தக்க நிலைக்கு வரவில்லை என்பதே பொருள்.