ப்ரூயிட்-ஐகோ: இடிந்தது எது?

நவீனக் கட்டடக்கலை 1972ஆம் வருஷம் ஜூலை 15ஆம் தேதி பிற்பகல் 3.32 மணி சுமாருக்கு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இறந்துபோனது என்று சார்லஸ் ஜெங்க்ஸ் 1977இல் எழுதினார். ப்ரூயிட்-ஐகோ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைப் பற்றிய மரணக் குறிப்பு அது. பின்நவீனத்துவம் பற்றி நம்மிடையே பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதை எடுத்துப் போடுகிறார். நானும் போட்டிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் கூடிய ஒரு சந்திப்பில், மனிதனை மறந்த உருவவாதம் கடைசியில் இப்படித்தான் மண்ணில் சரியும் என்று வெகு நிச்சயமாகச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும். பின்னால் அந்தக் குடியிருப்பின் வரலாற்றைப் படித்தபோதுதான் நான் சொன்னதில் எவ்வளவு சோம்பல் இருந்தது என்பது தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பாக்கியைத் தீர்க்கும் முயற்சி.

முதலில் குறிப்பில் உள்ள பிசகுகள். ப்ரூயிட்-ஐகோவின் முதல் கட்டடம் தகர்க்கப்பட்டது அதே வருஷம் மார்ச் 16இல். இடிப்பு வேலை முழுக்க முடிய 1976 ஆயிற்று. ஆக, சாவு நாலு வருஷம் இழுத்தது. அடுத்து, பரிசு பெற்ற வடிவமைப்பே இப்படித் தோற்றது என்ற பேச்சு. அந்தக் குடியிருப்புக்கு அப்படி எந்தப் பரிசும் கிடைக்கவில்லை என்பதை காதரின் பிரிஸ்டல் 1991இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக் காட்டினார். தேதியும் பரிசும் சின்ன விஷயங்கள். ஆனால் ஒரு கதை எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கும்போது அதன் சின்ன விஷயங்களைக்கூட யாரும் சரிபார்ப்பதில்லை.

கதை யாருக்குச் சௌகரியம் என்று கேட்டால் 1972இலிருந்து கிளம்பிப் பயனில்லை. 1933க்குப் போக வேண்டும்.

அதற்கு முன்பு அமெரிக்காவில் வீட்டுக் கடன் என்பது மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்குக் கிடைப்பது. வீட்டு விலையில் ஏறக்குறைய பாதியைக் கையிலிருந்து போட வேண்டும். கெடு முடியும்போது அசலில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். வங்கி தயவு வைத்தால் புதுப்பிக்கலாம். பெருமந்தத்தில் வங்கிகளிடம் பணமும் இல்லை, தயவும் இல்லை. 1933இல் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் வீடுகள் ஜப்திக்குப் போயின. ரூஸ்வெல்ட் சர்க்கார் அந்த வருஷம் வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை அமைத்து, மூழ்கிக்கொண்டிருந்த கடன்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவற்றைத் தானே வாங்கி நீண்ட காலத் தவணைகளாக மாற்றியது. 1934இல் மத்திய வீட்டுவசதி நிர்வாகம் பிறந்தது.

இந்த இரண்டாவது ஸ்தாபனம் யாருக்கும் வீடு கட்டித் தரவில்லை, கடன் தரவுமில்லை. கடன் கொடுத்தவருக்கு ஜாமீன் நின்றது. கடன்காரன் கட்டாமல் போனால் நஷ்டத்தை இன்ஷூரன்ஸ் ஈடுகட்டும். இந்த ஒரு உறுதிமொழியால் வங்கியின் பயம் போயிற்று. வட்டி இறங்கியது. கெடு 20 வருஷமாகவும், 1938இல் 25 வருஷமாகவும் நீண்டது. சின்ன வீடுகளுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்தால் போதும் என்றாயிற்று. மாதாமாதம் வட்டியோடு அசலும் கரையும் சமத் தவணை சாதாரண மனிதனின் நடைமுறையாக ஆனது. என் மேஜையில் தினமும் நான் புரட்டும் அட்டவணையும் அந்த மாதிரியானதுதான். பார்வைக்கு வெறும் எண்கள். ஆனால் ஒரு சமூகத்தில் யார் சுவருக்குள் இருப்பார், யார் வெளியே நிற்பார் என்பதை அந்த எண்கள் தீர்மானித்துவிடும்.

அங்கே அப்படித்தான் நடந்தது. எந்த வீட்டுக்கு ஜாமீன் நிற்கலாம் என்று மதிப்பீட்டாளர்களுக்குச் சொல்ல மத்திய வீட்டுவசதி நிர்வாகம் ஒரு கையேடு வைத்திருந்தது. ஒரு தெருவில் வெவ்வேறு இனத்தவர் கலந்து வாழ்ந்தால் மதிப்பு குறையும் என்று அது அனுமானித்தது. இன்ன இனத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையைக் கிரயப் பத்திரத்தில் சேர்ப்பது நல்லது என்றும் பரிந்துரைத்தது. டெட்ராய்ட் நகரத்தில் 1941இல் ஒரு மனைத் தொழில்காரர், கறுப்பர்கள் வசித்த பகுதிக்கும் தான் வெள்ளையருக்காகக் கட்டவிருந்த வீடுகளுக்கும் நடுவே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளச் சுவர் ஒன்றை எழுப்பினார். சுவர் எழும்பிய பிறகுதான் ஜாமீன் கிடைத்தது. சுவர் இன்னும் நிற்கிறது. கடன் கழகம் இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களுக்குத் தயாரித்த வரைபடங்களில் கறுப்பர் பகுதிகள் சிவப்பு மையால் தீட்டப்பட்டிருந்ததை இன்று பலரும் அறிவார்கள். அந்த வரைபடங்களே எல்லாத் தீமைக்கும் மூலமா, அந்தக் கழகம் கறுப்பர்களுக்கும் கடன் கொடுத்ததே என்ற சர்ச்சை வரலாற்றாசிரியர்களிடையே நடக்கிறது. ஜாமீன் கையேட்டைப் பற்றி அப்படிச் சர்ச்சைக்கு இடமில்லை. அது எழுத்தில் இருக்கிறது.

இது சர்க்காரின் ஒரு கை. இன்னொரு கை 1937இல் வந்தது. வாக்னர்-ஸ்டீகல் சட்டம் ஏழைகளுக்குப் பொதுக் குடியிருப்பு கட்ட வழிசெய்தது. இதைச் சோஷலிசம் என்று மனைத் தொழில்காரர்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது. சட்டம் நிறைவேறியது, ஆனால் எதிர்த்தவர்களின் விரல் ரேகைகள் அதில் பதிந்துவிட்டன. பெரிய நகரங்களில்கூட ஒரு வீட்டுக்கு 5,000 டாலருக்கு மேல் செலவிடக் கூடாது. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஈடாகச் சேரியில் ஒரு வீடு ஒழிய வேண்டும். அதாவது மொத்த வீடுகளின் எண்ணிக்கை கூடிவிடக் கூடாது. குடியிருப்பவரின் வருமானம் வரம்பைத் தாண்டினால் வெளியேற வேண்டும். தனியார் சந்தையோடு எந்த இடத்திலும் உரசிவிடக் கூடாது என்பதே இத்தனைக்கும் தாத்பரியம். ஒவ்வொரு அமெரிக்கக் குடும்பத்துக்கும் கௌரவமான வீடு என்று 1949ஆம் வருஷச் சட்டம் பிரகடனம் செய்து, ஆறு வருஷத்தில் 8,10,000 பொதுக் குடியிருப்புகளை அனுமதித்தது. அவற்றைக் கட்டி முடிக்க ஏறக்குறைய இருபது வருஷம் பிடித்தது.

ப்ரூயிட்-ஐகோவின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஷரத்து போதும். கட்டடத்துக்காக வாங்கிய கடனின் அசலையும் வட்டியையும் மத்திய சர்க்கார் செலுத்தும். ஆனால் கூட்டிப் பெருக்குவது, லிஃப்டைப் பழுதுபார்ப்பது, குழாய் மாற்றுவது, காவல் எல்லாம் குடியிருப்பவர்கள் தரும் வாடகையிலிருந்து நடக்க வேண்டும். வசதி கொஞ்சம் கூடியவர்களை வெளியேற்றிவிட்டு, மிஞ்சும் பரம ஏழைகளின் வாடகையில் முப்பத்துமூன்று மாடிக் கட்டடங்களைப் பராமரிக்க வேண்டும். வரவு செலவு தெரிந்த எந்தக் குமாஸ்தாவும் முதல் நாளே சொல்லியிருப்பான், இந்தக் கணக்கு நேராகாது என்று.

செயின்ட் லூயிஸ் நமக்கு எலியட் பிறந்த ஊராகத்தான் தெரியும். கறுப்பர்களும் வெள்ளையர்களும் தனித்தனியே வாழ வேண்டும் என்று 1916இல் வாக்கெடுப்பு நடத்திச் சட்டம் செய்த ஊரும் அதுவே. மறு வருஷமே உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில் அத்தகைய சட்டங்கள் செல்லாது என்றதும், அந்த வேலையைக் கிரயப் பத்திரங்கள் ஏற்றுக்கொண்டன. அவ்வூர் லபாடி அவென்யூவில் ஷெல்லி என்ற கறுப்பர் குடும்பம் 1945இல் ஒரு வீட்டை வாங்கியது. அந்த மனையை 1911ஆம் வருஷ நிபந்தனை ஒன்று கட்டியிருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய வீட்டுவசதி நிர்வாகம் அதன் பிறகும் அவசரப்படவில்லை. 1950 பிப்ரவரிக்குப் பிறகு பதிவாகும் நிபந்தனைகளுக்கு மட்டும் ஜாமீன் மறுப்பதாக அறிவித்தது. முன்பே பதிவானவை பத்திரமாக இருந்தன.

இந்த ஊரில்தான் மினோரு யமசாகி ப்ரூயிட்-ஐகோவை வடிவமைத்தார். 57 ஏக்கர், பதினோரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள், 2,870 வீடுகள். ப்ரூயிட் கறுப்பர்களுக்கு, ஐகோ வெள்ளையர்களுக்கு என்பது முதல் திட்டம். 1954இல் குடியேற்றம் தொடங்கியது; அதே வருஷம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்தது. ஐகோவும் எல்லோருக்கும் திறக்கப்பட்டபோது வெள்ளையர்கள் வெளியேறினார்கள். அவர்களுக்குப் போக இடம் இருந்தது. ஜாமீன் பெற்ற கடனில் புறநகர் வீடுகள் காத்துக்கொண்டிருந்தன. 1956க்குப் பிறகு அங்கே போகும் நெடுஞ்சாலைச் செலவில் பத்தில் ஒன்பது பங்கையும் மத்திய சர்க்காரே ஏற்றது. நகரம் வளரும் என்று நம்பித்தான் இத்தனை மாடிகளை அடுக்கினார்கள். 1950இல் 8,56,796 பேர் இருந்த நகரத்தில் 1970இல் 6,22,236 பேர் இருந்தார்கள்.

யமசாகிக்கு இதில் எவ்வளவு பங்கு? உயரமான கட்டடங்களோடு தாழ்வான வீடுகளும் கலந்த அமைப்பையே அவர் முதலில் முன்வைத்தார். செலவு கூடும் என்று மத்திய அதிகாரிகள் ஒப்பவில்லை; எல்லாம் ஒரே மாதிரி பதினோரு மாடி ஆயின. அதற்குமேலும் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. தரைத்தளத்துக் கழிப்பறைகள் போயின, நீராவிக் குழாய்களின் மேலுறை போயிற்று, பூட்டுகளும் கதவுப் பிடிகளும் மட்ட ரகத்தில் வந்தன. நாலு மாடிக்கு ஒரு முறையாக இல்லாவிட்டாலும் ஒன்று, நாலு, ஏழு, பத்து என்று மட்டுமே நிற்கும் லிஃப்டு யமசாகியின் யோசனை; அதற்கு அவர் பொறுப்பு. லிஃப்டிலிருந்து இறங்கி இருட்டில் படியேறிய பெண்களின் பயத்தை விமர்சகர்கள் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டின் பல்பு ஏன் மாற்றப்படவில்லை என்பது கட்டடக்கலைக் கேள்வி ஆகாது.

1957இல் வீடுகளில் 91 சதவீதம் நிரம்பியிருந்தது. அதுவே உச்சம். அப்புறம் காலி வீடுகள் பெருகின. காலியானால் வாடகை குறையும், வாடகை குறைந்தால் பராமரிப்பு குறையும், பராமரிப்பு குறைந்தால் இன்னும் நாலு குடும்பம் காலிசெய்யும். சாட் ஃப்ரீட்ரிக்ஸ் 2011இல் எடுத்த ஆவணப்படத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் பேசுகிறார்கள். உதவித்தொகை வாங்கும் வீட்டில் தகப்பன் இருக்கக் கூடாது என்ற விதியை, அதிகாரி வரும்போது தகப்பனை ஒளித்துவைத்த குழந்தைகளே முதிய வயதில் நினைவுகூர்கிறார்கள். அதே வாயால், தங்கள் வாழ்க்கையின் முதல் நல்ல வீடு அதுதான் என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு ஜெங்க்ஸின் மரணக் குறிப்பில் இடமே இல்லை.

வாடகை ஏறிக்கொண்டே போக, 1969 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் பொதுக் குடியிருப்புவாசிகள் வாடகை தர மறுத்தார்கள். வேலைநிறுத்தம் போல அது ஒன்பது மாதம் நடந்தது. அந்த வருஷக் கடைசியில், வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை கூடாது என்று செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம் சட்டமாயிற்று. நியாயமான வெற்றி. ஆனால் குறைந்த வாடகைக்கு ஈடான பராமரிப்புப் பணம் வாஷிங்டனிலிருந்து போதிய அளவில், வேண்டிய நேரத்தில் வரவில்லை. மூன்று வருஷத்தில் வெடிமருந்து வந்தது. 1973 ஜனவரியில் நிக்ஸன் புதிய மானியக் குடியிருப்புகளை நிறுத்திவைத்தார். அதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் புழுதி எழும் அந்தப் புகைப்படம் தயாராக இருந்தது.

சர்க்கார் மக்களின் வாழ்க்கையில் தலையிட்டால் இப்படித்தான் முடியும் என்பது அந்தப் புகைப்படத்தின் அரசியல் வாசிப்பு. கலைஞன் மக்களின் வாழ்க்கையில் தலையிட்டால் இப்படித்தான் முடியும் என்பது நமது வாசிப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை போயின என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சர்க்கார் இரண்டு இடத்திலும் தலையிட்டது. புறநகரில் முப்பது வருஷக் கடனுக்கு ஜாமீன் நின்றது. வட்டிக்கு 1913லிருந்தே வருமான வரியில் கழிவு தந்தது. அங்கே அது வெற்றியடைந்தது, வெற்றியடைந்ததால் கண்ணில் படாமல் போயிற்று. வீடு பெற்றவர்கள் அதைத் தங்கள் சொந்த உழைப்பு என்றே மனதார நம்பினார்கள், உழைப்பும் இருந்தது. ஏழைக்குச் செய்தது மட்டும் பதினோரு மாடி உயரத்தில், எல்லோரும் பார்க்கும்படி, தானம் என்ற பெயரோடு நின்றது. அதனால் அதைத்தான் இடிக்க முடிந்தது. ஜாமீனை எப்படி வெடிவைத்துத் தகர்ப்பது?

இன்றைய நிலையும் இந்தக் கோட்டிலேயே இருக்கிறது. 1974க்குப் பிறகு வாடகைச் சீட்டுகள், 1986க்குப் பிறகு தனியாருக்கு வரிச் சலுகை என்று வழிகள் மாறின. பொதுக் குடியிருப்புகளின் எண்ணிக்கை 1999 அக்டோபரில் இருந்ததற்கு மேல் கூடக் கூடாது என்று 1998ஆம் வருஷச் சட்டமே வரம்பு கட்டியது. வாடகை உதவிக்குத் தகுதியுள்ள நாலு குடும்பங்களில் ஏறக்குறைய ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது, மற்றவை வரிசையில். வட்டிக் கழிவு கேட்பவர் யாரும் வரிசையில் நின்றதில்லை.

உருவமா உள்ளடக்கமா என்று நாம் எவ்வளவோ பக்கங்களைத் தீர்த்திருக்கிறோம். ஒரு படைப்பை அதன் உருவத்திலிருந்தே படிக்க வேண்டும் என்ற கட்சி என்னுடையது; அதை நான் இப்போதும் கைவிடவில்லை. ஆனால் ஒரு கட்டடத்தின் உருவம் அதன் வரைபடத்தோடு முடிந்துவிடுவதில்லை. பராமரிப்புச் செலவை யார் தருவது என்ற ஷரத்தும் அதன் உருவத்தில் சேர்ந்ததே, தூண் எப்படிச் சேர்ந்ததோ அப்படி. அதைப் படிக்காமல் அன்று நான் பேசியது விமர்சனம் ஆகாது. ப்ரூயிட்-ஐகோ நின்ற நிலத்தின் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் மரமும் புதருமாகக் கிடந்தது. அங்கே இறந்தது நவீனத்துவம் என்று இனி நான் சொல்வதாக இல்லை. அங்கே குடியிருந்தவர்கள் வேறெங்கோ வாடகைக்கு வீடு தேடிப் போனார்கள் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்வேன்.