மார்ஃபின் உட்காரும் இடம்

மும்பையின் கல்யாண் லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். பரேலில் உள்ள டாடா மெமோரியல் மருத்துவமனைக்குப் போய்வரும் அவர்களில் சிலருடைய பையில் மார்ஃபின் மாத்திரை இருக்கும். இதே மும்பையில் ‘கர்த்’ என்ற போதைப்பொடியை இழுத்துச் சீரழிந்தவர்களும் உண்டு. கர்தில் உள்ள ஹெராயின் உடம்புக்குள் போனதும் மார்ஃபினாக மாறுகிறது. மாத்திரையும் கர்தும் கடைசியில் மூளையில் ஒரே இடத்தில்தான் போய் ஒட்டுகின்றன: ஒப்பியாய்டு ஏற்பி.

அபினியிலிருந்து மார்ஃபினை ஜெர்மன் மருந்தாளர் செர்ட்யூர்னர் பிரித்தெடுத்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அது எங்கே ஒட்டுகிறது என்று காட்ட 1973 ஆயிற்று. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், சாலமன் ஸ்னைடரின் ஆய்வகத்தில் மாணவியாக இருந்த கேண்டஸ் பெர்ட் மார்ஃபினை விட்டுவிட்டு அதன் எதிரியான நாலாக்சோனைக் கையில் எடுத்தார். லோக்கல் ரயிலில் ஜன்னல் வழியே கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது போன்றது நாலாக்சோன்; இடத்தை அடைக்கும், வேறொன்றும் செய்யாது. உட்கார்ந்திருப்பவரையும் கிளப்பிவிடும் என்பதுதான் கைக்குட்டைக்கு இல்லாத வல்லமை. போதைமருந்து அளவு மீறி மூச்சு அடங்குபவருக்கு அதை ஊசியில் ஏற்றுவது இதனால்தான். கதிரியக்கம் ஏற்றிய நாலாக்சோன் மூளைத் திசுவில் ஒட்டிக்கொண்டதைக் காட்டி, ஏற்பி இருப்பதைப் பெர்ட் மெய்ப்பித்தார். அதே ஆண்டில் நியூயார்க்கில் எரிக் சைமனும் உப்சாலாவில் லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியே அதைக் கண்டார்கள்.

கசகசாச் செடியின் பாலுக்காக மூளை ஏன் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஆய்வாளர்கள் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைகளை அலசி விடை சொன்னார்கள்: மூளை தானே சுரக்கும் வலிநிவாரணியான என்கெஃபலினுக்கு உரிய இடம் அது. 1978இன் லாஸ்கர் விருது இவ்விருவருக்கும் ஸ்னைடருக்கும் போயிற்று. பெர்டுக்கு இல்லை. அவர் கடிதம் எழுதிக் கண்டித்தார். அந்தக் கோபம் நியாயமானது என்பேன்.

ஏற்பியோடு கதை முடியவில்லை. நாள்பட மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருப்பது ஏன்? நரம்பணுக்கள் மருந்துக்குப் பழகிவிடுவது ஒரு காரணம். இன்னொன்றைக் கொலராடோவின் லிண்டா வாட்கின்ஸ் போன்றோர் வேறிடத்தில் தேடினார்கள். நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும், வெறும் பசை என்று ஒதுக்கப்பட்டிருந்த கிளியல் அணுக்கள் நாள்பட்ட வலியில் கிளர்ந்தெழுந்து, அழற்சிப் பொருட்களைச் சுரந்து, வலியைப் பெருக்குகின்றன. மார்ஃபினே அவற்றைத் தூண்டிவிடுகிறது என்கின்றன விலங்குச் சோதனைகள். அது உண்மையானால், ஏற்பியில் வலியைத் தணிக்கும் மருந்தே பக்கத்து அணுவில் அழற்சியைக் கிளப்பி, தன் பலனைத் தானே குறைத்துக்கொள்கிறது. எந்த வழியாகத் தூண்டுகிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

மாத்திரையும் கர்தும் ஒரே இடத்தில் ஒட்டினாலும், அடிமையாவதை ஏற்பி மட்டும் தீர்மானிப்பதில்லை; மருந்து மூளையை எட்டும் வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கர்த் புகை நொடிகளில் ஏறும், விழுங்கிய மாத்திரை மெல்லக் கரையும். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. உரிமத்துக்கு மேல் உரிமம் கேட்டதில் மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. 1997இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குச் செலவானது வெறும் 18 கிலோ. 2014இன் திருத்தம் அந்த உரிமச் சிக்கலைத் தளர்த்தியது. இன்றும் தெருமுனை மருந்துக்கடையில் மார்ஃபின் மாத்திரை கிடைப்பது அரிது.