வீடு மகளுக்கு, பெற்றோர் அடுத்த வளவுக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தில் பெற்றோர் தம் வாழ்நாளை ஒரே வீட்டில் கழிப்பது வழக்கமன்று. மூத்த மகள் மணமுடித்ததும் மருமகன் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். சிறிது காலம் கூட்டாக வாழ்ந்தபின், பெற்றோர் அவ்வீட்டை மகளிடம் விட்டு, மணமாகாத பிள்ளைகளுடன் அருகிற் கட்டிய வேறொரு வீட்டுக்குப் பெயர்வர். அடுத்த மகளுக்கும் அவ்வாறே. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் ஒன்றாக நிலவுவதை அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

வீடு பெண்ணுக்குரியது என்பதே இதன் அச்சாணி. கணவன் கைவிட்டாலும் அவளுக்கு ஒரு கூரை இருந்தது. (மூன்று பெண்களைப் பெற்றவர் பட்ட பாட்டையும் மறைப்பதற்கில்லை.)

2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்த அச்சாணி ஆட்டங்கண்டது. புதிய வீடுகள் பல ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் ஆண்களுக்கே எழுதப்பட்டன. தாய்வழி வந்த வளவை இழந்தவள் கணவனின் வீட்டில் குடியேறினாள். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுவதற்கு விதிக்கப்பட்ட தடை பின்னர் தளர்த்தப்பட்டதாயினும், அதற்கிடையில் தாயும் சகோதரிகளும் ஒரே வேலிக்கு இருபுறமும் வாழ்ந்த குடும்பங்கள் சில வெவ்வேறு குடியேற்றங்களுக்குச் சிதறிவிட்டன.