பெட்டியின் மூலையில் ஒரு எழுத்து

வீடியோ கேம் பெட்டிகளின் மூலையில் சின்னதாக 'டி' அல்லது 'எம்' என்று ஒரு ஆங்கில எழுத்து அச்சிட்டிருப்பார்கள். போனில் இறக்கும் விளையாட்டு என்றால் 12+, 16+ என்று ஒரு எண் இருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை கையில் கொடுக்கிறோம்? அந்த எழுத்து வந்த கதையைத் தெரிந்துகொண்டால், இனிமேல் கொஞ்சம் கவனிப்போம் என்று நினைக்கிறேன்.

கதை நடந்தது அமெரிக்காவில். 1976லேயே 'டெத் ரேஸ்' என்ற ஆர்கேட் விளையாட்டில் உருவங்கள் மேல் காரை ஏற்றுவதைக் கண்டித்துப் பலர் குரல் கொடுத்தார்கள். ஆனால் அது வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். 1992ல் வந்த 'மார்ட்டல் காம்பேட்' வேறு ரகம். நிஜ நடிகர்களைப் படம்பிடித்துச் செய்தது. தோற்றவனின் தலையை முதுகெலும்போடு பிடுங்கி எடுக்கும் காட்சி கூட உண்டு.

1993 செப்டம்பரில் இது வீட்டு கன்சோல்களுக்கு வந்தது. நின்டெண்டோ நிறுவனம் தன் பதிப்பில் ரத்தத்தை எடுத்துவிட்டு வியர்வை ஆக்கியது. சேகா பதிப்பிலோ ஒரு ரகசிய கோட் அழுத்தினால் ரத்தம் கொட்டும். அதிகம் விற்றது எது? சேகாதான். அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகத்தில் நின்டெண்டோவும் ரத்தத்தை அப்படியே விட்டுவிட்டது. காமர்ஸ் படித்தவனுக்கு இது ஆச்சரியமே இல்லை. பொறுப்பாக நடந்தவருக்கு நஷ்டம் என்றால், சந்தை தானாகத் திருந்தாது.

அந்த சமயத்தில் செனட்டர் ஜோ லீபர்மனிடம் பணிபுரிந்த ஒருவரின் பையன், இந்த விளையாட்டை வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் கேட்டான். அப்பா செனட்டரிடம் சொல்ல, விஷயம் பெரிதானது. 1993 டிசம்பர் 9 அன்று லீபர்மனும் ஹெர்ப் கோலும் செனட்டில் விசாரணை நடத்தினார்கள். நீங்களே ஒரு தர முறை கொண்டுவாருங்கள், இல்லையென்றால் அரசாங்கம் கொண்டுவரும் என்பதுதான் செய்தி. 1994ல் இ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பைத் தொழில்துறையினரே தொடங்கினார்கள். 'டி' என்றால் 13 வயதுக்கு மேல், 'எம்' என்றால் 17க்கு மேல்.

இதன் செயல்முறையைக் கவனியுங்கள். தயாரிப்பாளர் ஒரு படிவம் நிரப்பி, முக்கியக் காட்சிகளின் வீடியோவையும் கொடுப்பார். அதை வைத்துத் தரம் தருவார்கள். நாங்கள் வங்கியில் வாங்கும் சுய அறிவிப்பு மாதிரிதான். ஒளித்து வைத்தால்? 2005ல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டுக்குள் பாலியல் காட்சி ஒன்று மறைந்திருந்தது வெளியே வந்தது. 'எம்' தரத்தை 'ஏ.ஓ.', அதாவது வயது வந்தோருக்கு மட்டும், என்று மாற்றினார்கள்.

கடைகளின் நிலை? அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் சிறுவர்களை அனுப்பிச் சோதித்தது. 2000ல் 85 சதவீதம் பேருக்கு 'எம்' விளையாட்டு கிடைத்தது. 2011ல் அது 13 சதவீதமாகக் குறைந்தது. இதற்கிடையே, வன்முறை விளையாட்டைச் சிறுவருக்கு விற்றால் அபராதம் என்று கலிஃபோர்னியா 2005ல் சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் 2011ல் அதை 7-2 என்று ரத்து செய்தது. விளையாட்டும் புத்தகம், சினிமா போலப் பேச்சுரிமைக்கு உட்பட்டது என்றார்கள். அங்கே பெற்றோருக்குத் தகவல் உண்டு, தீர்மானம் பெற்றோருடையது.

இங்கே எப்படி? சினிமாவுக்கு யு, யு/ஏ, ஏ உண்டு. யு/ஏ சான்றிதழையும் 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். வீடியோ கேமுக்கு அப்படி ஒரு சென்சார் போர்டு நம் நாட்டில் உருவாகவில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்ததும் நாட்டின் பாதுகாப்பைச் சொல்லித்தான், பிள்ளைகளின் வயதைச் சொல்லி அல்ல. 2025ல் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. கூகுள் பிளேயில் நாம் பார்க்கும் எண், தயாரிப்பாளர் நிரப்பும் கேள்வித்தாளில் இருந்து வருவது.

ஊரில் என்றால் தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது ஒருவர் "என்னடா அது சத்தம்?" என்று எட்டிப் பார்ப்பார்கள். புனேயிலோ நொய்டாவிலோ இரண்டு பேரும் வேலைக்குப் போகும் ஃப்ளாட்டில் அந்தக் கேள்வி கேட்க ஆளில்லை. பையனுக்கும் போனில் வேறு ஒரு துணையும் இல்லை.

மைனர் கணக்கில் கார்டியன் கையெழுத்து போடும் முன் படிவத்தைப் படிக்கிறோம் அல்லவா? அதே போல, இறக்கும் முன் அந்த எண்ணையும், அதன் கீழே வன்முறை, சூதாட்டம் என்று எழுதியிருப்பதையும் படியுங்கள். பிள்ளையின் போனில் உங்கள் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஆடுவது என்று அவனையே சொல்லித்தரச் சொல்லுங்கள். எந்த எழுத்தும் சொல்லாத விஷயம் அதில் தெரியும்.