பெங்களூருக் கரகம்

பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில் உள்ள தர்மராயசுவாமி கோயிலில் திகளர் சமூகத்தார் ஆண்டுதோறும் நடத்தும் திரௌபதி விழா. சைத்திர மாதத்தில் கொடியேறி ஏறத்தாழப் பத்து நாள் நடக்கும். முழுநிலவு இரவில் பூங்கரக ஊர்வலத்தோடு உச்சம் பெறும். அந்நாள் தமிழ்க் கணக்கில் பங்குனியிலோ சித்திரையிலோ வரும்.

பெயரும் ஒலிப்பும்

கன்னடத்தில் இது ‘கரக’. மூன்று எழுத்தும் குறில். முதற்ககரம் ‘கல்’லில் வருவதுபோல் வல்லொலி, கடைசிக் ககரம் ‘தங்கம்’ என்பதில் வருவதுபோல் இளகிய ஒலி. கன்னட எழுத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனி வடிவங்கள் உள்ளன. தமிழில் ஒரே எழுத்துதான். ஆயினும் சொல்லிடையில் வரும் ககரத்தைத் தமிழர் நா தானாகவே இளக்கிவிடும். தமிழ்ச் செய்திகளில் ‘கரகா’ என்று நீட்டி எழுதுவது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்ததன் விளைவாகலாம். கன்னடர் அப்படி நீட்டுவதில்லை. தமிழில் ‘அம்’ என முடியும் பெயர்கள் கன்னடத்தில் மகரத்தை இழந்து நிற்பது வழக்கம். மரம் அங்கே ‘மர’, கரகம் ‘கரக’.

கரகம் என்றால் நீர்க்கலம். தொல்காப்பிய மரபியல் அந்தணர்க்குரிய பொருள்களுள் ஒன்றாக இதைச் சொல்கிறது. வடமொழியிலும் இதே பொருளில் ‘கரக’ உண்டு. எனினும் விழாவின் பெயருக்குத் தமிழ்நாட்டு அம்மன் கோயில் வழக்கையே நேர்மூலமாகக் கொள்வது பொருந்தும். அங்கே தெய்வத்தை ஆவாகனம் செய்யும் சக்திக் கரகமும், பொழுதுபோக்கான ஆட்டக் கரகமும் வேறுவேறு. பெங்களூரில் எடுக்கப்படுவது முதல் வகை. கரகாட்டத்தின் முன்னோடியாகச் சிலர் காட்டும் குடக்கூத்து, சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் ஒன்று. வாணனின் நகரில் கண்ணன் குடம் கொண்டு ஆடியது அது. அதற்கும் இவ்விழாவுக்கும் குடம் ஒன்றே பொது.

‘க’ என்றால் கையால் தொடாமல், ‘ர’ என்றால் ருண்டமாகிய தலையில் தாங்கி, ‘க’ என்றால் கதித்துச் செல்வது என்று எழுத்துக்கு எழுத்து பொருள் சொல்வது கன்னட நாட்டார் வழக்கு. சொற்பிறப்பாக இது நிற்காது. சடங்கின் விதியை நினைவில் வைக்க நல்ல வழி.

தோற்றம்

திகளர் தோட்டக்காரர்கள். பூ, காய்கறி, கீரை பயிரிட்டுப் பேட்டைக்குக் கொடுத்தவர்கள். பழைய கன்னடத்தில் ‘திகுள’ என்பது தமிழரைக் குறித்த சொல்; இவர்களில் ஒரு பகுதியினர் வீட்டில் தமிழ் கலந்த பேச்சைப் பேசுவர். 1760-இல் கைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டத்தோடு இவர்களது வருகையை இணைக்கும் செய்தி உண்டு. கெம்பே கௌடர் 1537-இல் பேட்டையை அமைப்பதற்கு முன்பே இருந்தோம் என்பாரும் உண்டு. தங்களை வன்னிகுல க்ஷத்திரியர் என்று கூறிக்கொள்கின்றனர். வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில்களை மிகுதியாகப் பேணும் வன்னியருக்கும் இப்பெயர் உண்டு என்பதால், விழா எவ்வழி வந்தது என்பதில் பெரிய ஐயத்துக்கு இடமில்லை.

செஞ்சி வட்டாரத்தைக் களமாகக் கொண்டு திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்தவர் ஆல்ஃப் ஹில்டபெய்டல். அவ்வட்டாரக் கோயில்களில் திரௌபதிக்குக் காவலாக நிற்பவர்களுள் முத்தால் ராவுத்தன் என்னும் முஸ்லிம் வீரனும் ஒருவன். பெங்களூர்க் கரகம் இரவில் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று செல்வதை மத நல்லிணக்கம் என்று மட்டும் எழுதுவோர் இந்தப் பழைய உறவையும் கருதிப் பார்க்கலாம்.

மரபுக் கதை மகாபாரதத்தின் முடிவுக்குப் பிந்தியது. பாண்டவர் வானுலகம் நோக்கிச் செல்கையில் திரௌபதி பின்தங்க, திமிராசுரன் எதிர்ப்படுகிறான். அவள் ஆதிசக்தி வடிவெடுத்து, வீரகுமாரர்களைப் படைத்து அவனை வெல்கிறாள். பிரிய மனமில்லாத அவ்வீரர்களுக்கு ஆண்டுதோறும் வருவேன் என்று வாக்களிக்கிறாள். வந்திருக்கும் அந்த நாட்களே விழா.

சடங்கு

கரகம் சுமப்பவர் ஆண் பூசாரி. புடவை உடுத்தி, வளையலிட்டு, திரௌபதியாகவே கருதப்படுவார். அவருடைய மனைவி தாலியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு விழா முடியும்வரை ஒதுங்கியிருப்பார். முதலில் பழைய சம்பங்கி ஏரியில் எஞ்சியுள்ள குளத்தின் கரையில் சுடாத மண்ணாலான ‘ஹசி கரக’ எழும். முழுநிலவு நள்ளிரவுக்குப் பின் மல்லிகையால் கோபுரம்போல் கட்டிய கரகத்தைத் தலையில் தாங்கி, கையால் தொடாமல் அவர் கோயிலிலிருந்து புறப்படுவார். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவர். அவர் தடுமாறினால் வெட்டிவிட வேண்டும் என்பது மரபு. “கோவிந்தா” முழக்கம் இடைவிடாது கேட்கும். பேட்டைத் தெருக்களைச் சுற்றி விடிந்த பிறகே கோயில் திரும்புவர்.

ஆனேக்கல், கோலார், ஹொசகோட்டை ஆகிய ஊர்களிலும் கரகம் உண்டு. மடிக்கேரி தசரா காலத்தில் எடுக்கப்படும் நான்கு கரகங்கள் மாரியம்மன் கோயில்களுக்கு உரியவை.

இன்றைய நிலை

சம்பங்கி ஏரி வற்றவைக்கப்பட்டு, அவ்விடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் உள்ளது. சடங்குக்கு ஒரு சிறு குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் விழா கோயிலுக்குள் சிலரோடு நடந்தது. பின்னர் ஊர்வலம் மீண்டது.