வீட்டுக்குள்ள செய்யுற வேலையும் வேலைதான்

படுக்கையில் கிடந்த மாமியாரை நான் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்தேன். அதை யாரும் வேலைன்னு சொன்னதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதுக்கு அரசாங்கம் கூலி தருது. ஆனா அப்போ கிடைச்சது குறைந்தபட்சக் கூலிதான்.

1987-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பராமரிப்புப் பெண்கள் சங்கம் சேர்ந்தாங்க. மாவட்ட நிர்வாகம் உங்க முதலாளி இல்லைன்னு நீதிமன்றம் சொல்லிட்டுது. அப்போ யார்கிட்ட கூலி உயர்வு கேக்கிறது?

அவங்க ஓயலை. சாக்ரமெண்டோவில் உள்ள சட்டமன்றத்துக்கே போய் உறுப்பினர்கள்கிட்ட பேசினாங்க. அவங்க பராமரிச்ச முதியவர்களும், சக்கர நாற்காலியில் இருந்தவங்களும் துணைக்கு நின்னாங்க. மாவட்டங்கள் இதுக்குத் தனி ஆணையம் அமைக்கலாம்னு 1992-ல் சட்டம் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1997-ல் ஆணையம் அமைஞ்சது. 1999-ல் 74,000 பேர் சங்கத்துக்குள் வந்தாங்க.

ஆளுக்கொரு வீட்டில் தனியா உழைச்சவங்க, 12 வருஷம் விடாம நின்னு ஜெயிச்சிருக்காங்க. நம்ம மனுவை ஒருதரம் திருப்பி அனுப்பினா, மறுபடி எழுதிக் கொடுப்போம் சகோதரிகளே.